சி.ஐ.எஸ்.எஸ்.பி தேர்வு: தோற்ற முறையும் தேறிய முறையும்

என் மேசை இழுப்பறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று 2023 அக்டோபரில் கிடைத்தது, அதில் எட்டு வரி அட்டவணை. இன்னொன்று 2024 ஜூனில் கிடைத்தது, அதில் அட்டவணை கிடையாது, ஒரு பத்தி மட்டும். இரண்டும் சி.ஐ.எஸ்.எஸ்.பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வின் முடிவுகள். இந்தத் தேர்வில் தேறியவருக்கு மதிப்பெண் சொல்லமாட்டார்கள். தோற்றவருக்குத்தான் எட்டுப் பிரிவிலும் எங்கே நிற்கிறார் என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அதனால் இரண்டாவது தாளைக் கையில் வாங்கியதுமே, ஒரு வரி படிப்பதற்கு முன்பே, தேறிவிட்டேன் என்று தெரிந்தது. வரவேற்பு மேசையிலேயே கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த எட்டு மாதத்தில் என்ன மாறியது என்பதை, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற யாருக்காவது பயன்படும்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஃபயர்வால், சுவிட்ச், கிளை அலுவலக வி.பி.என் என்று ஏழு வருட அனுபவம். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா வீட்டின் பின்கட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்கிறார்கள். ஆயாவின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். ஆயாவுக்குத் தமிழ் கோவில் பாட்டில் முழுசாக இருக்கிறது, பேச்சில் சில சொற்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. நடத்துவது ஐ.எஸ்.சி.2 என்ற அமைப்பு. பாடம் எட்டுப் பிரிவு. 1,000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. எட்டில் குறைந்தது இரண்டு பிரிவுகளில் மொத்தம் ஐந்து வருடம் சம்பள வேலை பார்த்திருந்தால்தான் சான்றிதழ் முழுமையாகக் கிடைக்கும், பொருத்தமான பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் கழியும். கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, அதைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இந்தக் கடைசி விஷயம்தான் பழக்கமில்லாதவர்களை உலுக்கிவிடும்.

2023 பிப்ரவரியில் ஆரம்பித்தேன். முதல் ஆறு வாரத்தை எதில் செலவழித்தேன் தெரியுமா? வீட்டில் ஒரு ஆய்வகம் கட்டுவதில். பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தது. 850 ரேண்டுக்கு ரேம் வாங்கி 16 ஜி.பி ஆக்கினேன். ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதற்குள் பி.எஃப்.சென்ஸ் ஃபயர்வால் ஒன்று, லினக்ஸ் இரண்டு, விண்டோஸ் சர்வர் ஒன்று. நெட்வொர்க்கில் போவதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில், டி.எல்.எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துப் பார்த்தேன். அருமையான ஆறு வாரம், இன்றும் அலுவலகத்தில் உதவுகிறது. ஆனால் இந்தத் தேர்வுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த வேலையையே மறுபடி செய்துகொண்டு, படிக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள தடித்த புத்தகம் ஒன்று, 1,150 ரேண்ட். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நேராகப் படித்தேன். கூடவே மனப்பாடம். தகவலைச் சாவி போட்டுப் பூட்டும் முறைகளில் டி.ஈ.எஸ் சாவி 56 பிட், ஏ.ஈ.எஸ் 128, 192, 256, போர்ட் எண்கள், ரெய்டு எனும் வன்தட்டு அமைப்பு வகைகள், தீயணைப்பான் வகைகள். அந்தக் கடைசிப் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு, இந்தியாவில் படித்தவர்கள் கவனியுங்கள். நம் ஊரில் சி வகை என்றால் வாயுத் தீ. தேர்வு அமெரிக்க முறையைப் பின்பற்றுகிறது, அதில் சி என்றால் மின்சாரத் தீ. பள்ளிக்கூடத்தில் பதிந்தது அவ்வளவு சீக்கிரம் அழியாது, நான் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

இந்த இடத்தில் மின்வெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு லோட் ஷெட்டிங் என்றால் விளக்கம் தேவையில்லை. மின்சாரப் பற்றாக்குறையால் முறை வைத்து வெட்டுவது அது, அதன் கடுமை ஆறாம் நிலை வரை போன வருடம் 2023. எங்கள் பகுதியில் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், திரும்பி வர இன்னும் அரை மணி ஆகலாம். நான் படிக்கிற சாயங்கால நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாலு நாளாவது விழும்.

ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ் வாங்கினேன், 750 ரேண்ட். பெட்டியில் 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தது. அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு, அதாவது சுமார் 32 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 27 தேறும். ரவுட்டர் 8 வாட், ஃபைபர் பெட்டி 5 வாட் இழுத்தன. இரண்டும் சேர்த்து 13. ஆக இரண்டு மணி ஐந்து நிமிடம் ஓடும். மின்சாரம் வர இரண்டரை மணி ஆகிற நாளில் கடைசி 25 நிமிடம் இணையம் போய்விடும். அந்த 25 நிமிடத்துக்காக எரிச்சல்பட்டுக்கொண்டு, பெரிய யு.பி.எஸ் வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நான் ஒழுங்காகப் படித்தது அந்த 25 நிமிடத்தில்தான். 180 ரேண்ட் சார்ஜ் விளக்கு, புத்தகம், பேனா, வேறு எதுவும் கிடையாது. இதைக் கவனிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

மூன்றாவது தவறான பாதை கேள்வி வங்கி. 900 ரேண்ட் கட்டி ஒரு பயிற்சிக் கேள்விச் சந்தா எடுத்தேன். போனிலேயே போடலாம், வரிசையில் நிற்கும்போது, டாக்சியில், மதிய உணவில். ஜூலையில் 61 சதவீதம், செப்டம்பரில் 86. வரைபடம் மேலே போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்தன. கேள்வியின் முதல் ஐந்து சொல்லைப் பார்த்ததும் விரல் பதிலுக்குப் போய்விடும். அந்த 86 என் நினைவாற்றலுக்குக் கிடைத்த மார்க்.

ஒருவர் அப்போது டெலிகிராமில் உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று ஒரு கோப்பு அனுப்பினார். திறக்காமல் அழித்தேன். தேர்வுக்கு உட்காரும் முன் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று நாம் ஒப்பந்தம் ஏற்கிறோம். நாணயமாக நடப்பேன் என்பது அந்தச் சான்றிதழின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அதைத் திருட்டுக் கேள்வியால் வாங்குவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

2023 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் தேர்வு. 749 டாலர், அன்றைய விலையில் சுமார் 14,230 ரேண்ட். தேறினால் நிறுவனம் திருப்பித் தரும், தோற்றால் என் கைக்காசு. ராத்திரி பஸ் பிடித்தேன், என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர் சொச்சம். வான் ரீனன் கணவாய் ஏறும்போது பஸ் ஊர்ந்தது, குளிரில் தூக்கம் வரவில்லை. காலை ஆறு மணிக்கு இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவி, பத்து மணிக்குத் தேர்வில் உட்கார்ந்தேன். இப்படி யாரும் செய்யாதீர்கள்.

அப்போது தேர்வு நாலு மணி நேரம், 125 முதல் 175 கேள்வி. முதல் ஐம்பது கேள்விக்கே 95 நிமிடம் எடுத்துவிட்டேன். திரும்பி வர முடியாது என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை படித்தேன். மிச்சம் 145 நிமிடம், 125 கேள்வி வரை வரலாம். ஓட ஆரம்பித்தேன். 125-ஆவது கேள்வியில் நிற்கவில்லை, 150-இல் நிற்கவில்லை, 175 வரை போனது. கடைசி இருபதை என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

தாளில் எட்டு வரி. நெட்வொர்க் பிரிவு தேர்ச்சிக்கு மேல். நாலு பிரிவு தேர்ச்சிக்கு அருகில். பாதுகாப்பும் இடர் மேலாண்மையும், சொத்துப் பாதுகாப்பு, பாதுகாப்புச் செயல்பாடுகள் ஆகிய மூன்றும் தேர்ச்சிக்குக் கீழ். முதல் பிரிவுதான் எட்டிலேயே அதிக எடை உள்ளது. ஆறு வாரம் வயர்ஷார்க்கில் உட்கார்ந்தவனுக்கு வந்த கணக்கு இது.

தோற்றால் 30 நாள் கழித்து மறுபடி எழுதலாம். நான் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் மனைவி, "என்னங்க, அப்படி என்னதான் கேக்குறாங்க, ஒரு கேள்வி சொல்லுங்களேன்" என்றாள். தேர்வுக் கேள்வியைச் சொல்லக் கூடாது என்பதால், அதே மாதிரி நானே ஒன்று கட்டிச் சொன்னேன். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் தகவலை எல்லாம் கிளவுடுக்கு மாற்றப்போகிறது. பாதுகாப்பு மேலாளர் முதலில் செய்ய வேண்டியது எது? சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை என்கிரிப்ட் செய்வதா, கிளவுட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதா, எந்தத் தகவல் எவ்வளவு முக்கியம் என்று வகை பிரிப்பதா, உள்ளே நுழைய இரட்டைச் சரிபார்ப்பு வைப்பதா?

"நான் என்கிரிப்ஷன்னு போட்டிருப்பேன்" என்றேன். எந்த வகை, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று விளக்கவும் ஆரம்பித்தேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்பு ஊரில் ஒரு கூட்டுறவு வங்கியில் நாலு வருடம் தணிக்கைப் பிரிவில் இருந்தவள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, வீட்டுக்குப் பூட்டு வாங்கணுமான்னு கேட்டா, நீங்க பூட்டு எப்படிச் செய்றாங்கன்னு சொல்றீங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம என்ன பூட்டு வாங்குவீங்க? நகையும் இருக்கலாம், பழைய பேப்பரும் இருக்கலாம்."

என் பழுது இன்னதென்று அன்றைக்குப் புரிந்தது. மற்ற மூன்று பதிலும் தப்பு இல்லை. எல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் வகை பிரிக்காமல் அவற்றில் எதையும் சரியாகச் செய்ய முடியாது. தேர்வு கேட்பது 'முதலில்', 'மிகச் சிறந்தது' என்ற சொற்களில் இருக்கிறது. நான் எல்லாக் கேள்வியையும் ஃபயர்வால் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். தவறு நோட்டு என்று அட்டையில் எழுதினேன். விதி ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி, அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதிலை எழுதக் கூடாது. மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று எழுத வேண்டும், தமிழில். எந்தச் சூழ்நிலையில் அந்த மூன்றில் ஒவ்வொன்றும் சரியாகும் என்றும் ஒரு வரி. பத்துக் கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முதல் வாரத்தில் நாற்பது கேள்விகூடத் தாண்டவில்லை.

ஏன் தமிழில் என்றால், ஆங்கிலத்தில் எழுதும்போது புத்தகத்தின் வாக்கியம் அப்படியே கையில் வந்து விழுந்துவிடும். புரிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது. தமிழில் அந்த வசதி கிடையாது. டியூ டிலிஜென்ஸ், டியூ கேர் என்ற ஜோடியை நான் பத்து மாதம் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்டிருந்தேன். தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதலாவதற்கு 'விசாரித்துத் தெரிந்துகொள்வது' என்றும், இரண்டாவதற்கு 'தெரிந்தபின் பொறுப்பாகச் செய்வது' என்றும் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது முதலாவது. விசாரித்தபின் அதற்கேற்ப நடப்பது இரண்டாவது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் குழம்பவில்லை.

த்ரெட், வல்னரபிலிட்டி, ரிஸ்க் மூன்றும் அப்படித்தான். அச்சுறுத்தல் வெளியே நிற்கும், பலவீனம் நம்மிடம் இருக்கும், இரண்டும் சந்தித்தால் எவ்வளவு நட்டம், எவ்வளவு வாய்ப்பு என்பது இடர். மின்வெட்டு நேரத்தில் தெருவில் நடமாடுகிறவன் முதலாவது. மின்சாரம் இல்லாவிட்டால் பூட்டாத கேட் இரண்டாவது.

அந்த கேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடர்க் கணக்கை நான் அதில்தான் கற்றுக்கொண்டேன். ஆயா வீட்டு முன்கேட்டில் மோட்டார் இருக்கிறது. மின்சாரம் திரும்பி வரும்போது ஓர் எகிறு எகிறும், அதில் மோட்டாரின் சர்க்யூட் அட்டை போய்விடும். 2023-இல் இரண்டு தடவை போனது. மோட்டார் முழுசாக 9,000 ரேண்ட், அட்டை மாற்ற 2,700. ஆயா என்னைக் கூப்பிட்டு, 900 ரேண்டுக்கு ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் போடச் சொல்கிறார்கள், வருடா வருடம் மாற்ற வேண்டுமாம், போடலாமா தம்பி என்று கேட்டார்.

நோட்டை எடுத்தேன். சொத்தின் மதிப்பு 9,000. ஒரு தடவை போனால் அதில் 0.3 பங்கு நட்டம், அதாவது 2,700. வருடத்துக்கு இரண்டு தடவை, ஆக வருட நட்டம் 5,400. தடுப்பான் போட்டால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போகும் என்று வைத்துக்கொண்டால் அது 0.5 தடவை, வருட நட்டம் 1,350. முன்பிருந்த 5,400-இல் பின்னால் வரும் 1,350-ஐக் கழி, தடுப்பானின் வருடச் செலவு 900-ஐயும் கழி. 3,150 ரேண்ட் மிச்சம். போடலாம் என்றேன். தடுப்பானின் வருடச் செலவு 4,050-ஐத் தாண்டினால் போடக் கூடாது என்பதும் அதே கணக்கில் வருகிறது. புத்தகத்தில் இந்தச் சூத்திரத்தை ஆறு தடவை படித்திருக்கிறேன். ஆயாவுக்காகப் போட்ட பிறகு படிக்கத் தேவைப்படவில்லை.

தொழில் தொடர்ச்சித் திட்டம் பற்றிய பக்கங்களுக்கு டர்பனிலேயே போதுமான உதாரணம் இருந்தது. 2021 ஜூலையில் துறைமுகக் கணினிகள் இணையவழியில் தாக்கப்பட்டு, கன்டெய்னர் வேலையைக் காகிதத்தில் செய்ய வேண்டி வந்த நாட்களை எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறக்கவில்லை. ஒரு சேவை அதிகபட்சம் எத்தனை நாள் நின்றால் நிறுவனம் தாங்கும், அதற்குள் எத்தனை மணியில் மீட்க வேண்டும், எவ்வளவு நேரத் தகவல் போனால் பரவாயில்லை என்ற மூன்று எண்ணும் தனித்தனி என்பது அந்த வாரத்தை நினைத்து எழுதியபோதுதான் பிரிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எங்கள் மாற்றுத் தளம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் பாதை அடைபட்டது. மாற்றுத் தளம் ஒரே ஆபத்தில் சிக்காத தொலைவில் இருக்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே அந்தத் தேதியை எழுதி வைத்தேன்.

ஆனால் சொந்த அனுபவம் காலை வாரியும் விடும். தகவல் கசிந்தால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்ற கேள்விகளில் நான் பழக்கத்தால் போபியா என்ற தென்னாப்பிரிக்கத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பதில் போடுவேன். அது 'நியாயமாக எவ்வளவு சீக்கிரம் முடியுமோ' என்கிறது. அதே மாதிரியான ஐரோப்பியச் சட்டமான ஜி.டி.பி.ஆர், கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொல்ல 72 மணி நேரம் தருகிறது. எந்த நாட்டுச் சட்டம் என்று கேள்வியில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டப் பிரிவோடு கலந்து பேசும் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோட்டின் பின்னட்டையில் இதைச் சிவப்பில் எழுதினேன். அதற்கு மேலே இன்னொரு வரி: மனித உயிர் முதலில், சர்வர் அப்புறம். தீ, வெள்ளம், வன்முறை எது கேள்வியில் வந்தாலும் அந்த வரியைத் தொட்டுவிட்டுத்தான் பதிலைத் தொட வேண்டும்.

2024-இல் இரண்டு மாற்றம் சேர்ந்து வந்தன. மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றது, ஜூன் வரைக்கும் வரவில்லை. ஊருக்கே சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் சாயங்காலம் படிப்பு உடனே கெட்டது. விளக்கு எரிகிறது, இணையம் இருக்கிறது, ஒரு சந்தேகத்தைத் தேடப்போய் நாற்பது நிமிடம் எங்கோ போய்விடுகிறது. அதனால் ஏப்ரலிலிருந்து நானே மின்வெட்டு வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கி மனைவியிடம் கொடுத்துவிடுவது, ஒன்பது மணிக்குத் திரும்பி வாங்குவது. அதே சார்ஜ் விளக்கு. சந்தேகம் வந்தால் நோட்டில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போவது, ஒன்பதுக்கு மேல் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுவது. பாதிச் சந்தேகம் ஒன்பது மணிக்குள் தானே தீர்ந்திருக்கும்.

இரண்டாவது மாற்றம் தேர்விலேயே. 2024 ஏப்ரல் 15 முதல் மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்வி. அதில் 25 கேள்வி மார்க் இல்லாதது, எது என்று தெரியாது. பிரிவுகளின் எடையும் கொஞ்சம் நகர்ந்தது. முதல் பிரிவு 15-இலிருந்து 16 சதவீதமாகக் கூடியது, மென்பொருள் பாதுகாப்பு 11-இலிருந்து 10 ஆகக் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. நேரக் கணக்குதான் முக்கியம். 180 நிமிடத்தை 150-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 72 விநாடி. அரை மணிக்கு 25 கேள்வி. இந்த ஒரு வேகத்தை மட்டும் சமையலறை அலாரம் வைத்து மே மாதம் முழுக்கப் பழகினேன். இதற்காகக் கேள்விச் சந்தாவை வேறு இடத்தில் எடுத்தேன், இன்னொரு 900. பழைய இடத்தில் எடுத்திருந்தால் விரல் மறுபடி பதிலைத் தானே தொட்டிருக்கும். புது இடத்தில் என் மார்க் 70-ஐச் சுற்றித்தான் நின்றது. தவறு நோட்டு இருந்ததால் அந்த 70 என்னைப் பயமுறுத்தவில்லை.

ஜூனில் இரண்டாவது தேர்வு. இந்தத் தடவை பகல் பஸ், ஒரு நாள் முன்னதாக. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் நண்பன் வீட்டில் இரவு தங்கினேன். ரசம் சாதம், ஒன்பது மணிக்குப் படுக்கை. நோட்டை டர்பனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், கையில் இருந்தால் புரட்டத் தோன்றும். காலையில் ஜோகன்னஸ்பர்க் குளிர் எலும்புக்குள் போனது. தேர்வு அறைக்குள் தடித்த கோட்டு வேண்டாம், பாக்கெட்டை எல்லாம் சோதிப்பார்கள். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போதும். இரண்டு அடையாள அட்டை கேட்டார்கள், உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்தார்கள், கைக்கடிகாரத்தையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். எழுதி அழிக்கிற பலகை ஒன்று தருவார்கள். உட்கார்ந்ததும் அதில் 150, 120, 90, 60, 30, 0 என்று இறங்குவரிசையில் மீதி நிமிடமும் பக்கத்தில் 25, 50 என்று கேள்வி எண்ணும் எழுதிவிட்டேன். அவ்வளவுதான் என் திட்டம்.

முதல் 25 கேள்வி 33 நிமிடம். பரவாயில்லை. ஐம்பதில் 62. கேள்வி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மட்டும் படித்தேன். முதல் தடவை கதைக்கு, இரண்டாம் தடவை கடைசி வரிக்கு. இரண்டு பதில் சமமாகத் தெரிந்தால், ஒன்றைச் செய்தால் மற்றது அதற்குள் அடங்குமா என்று பார்த்தேன். அடக்குகிறதுதான் பதில். தெரியாத கேள்வி வந்தால் மனசுக்குள் தமிழில் ஒரு வரி சொல்லிப் பார்ப்பேன். 80-ஆவது கேள்வி வாக்கில் எழுந்து ஐந்து நிமிடம் வெளியே போனேன். கடிகாரம் நிற்காது, அது தெரிந்தேதான் போனேன், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

112-ஆவது கேள்விக்கு அடுத்து திரை வெள்ளையானது. நூறைத் தாண்டியபின் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். தேறினாலும் நிற்கும், தோற்றாலும் நிற்கும். வெளியே நடந்த அந்த இருபது அடி நீளமானது. அப்புறம் அட்டவணை இல்லாத தாள்.

மொத்தச் செலவு: இரண்டு தேர்வுக்கு 14,230-ம் 13,780-ம். புத்தகம் 1,150. கேள்விச் சந்தா இரண்டு 1,800. ரேம் 850. யு.பி.எஸ் 750. விளக்கு 180. பஸ் முதல் தடவை 900, இரண்டாம் தடவை 960. ஆக 34,600 ரேண்ட். நிறுவனம் திருப்பித் தந்தது இரண்டாவது தேர்வுக் கட்டணத்தை மட்டும். ரேம் தேவையில்லாத செலவு. யு.பி.எஸ்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். நோட்டு 35 ரேண்ட், அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

தேறியதோடு முடியவில்லை. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் நம் அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும், அதற்கு ஒன்பது மாதம் அவகாசம் உண்டு. பழைய வேலைகளின் நியமனக் கடிதங்களை நான் அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். ஊரிலிருந்த ஒரு கடிதத்தை அண்ணன் பரணில் ஏறி எடுத்துப் படம் அனுப்பினார். இதைப் படிப்பு ஆரம்பிக்கும்போதே எடுத்து வைத்திருக்கலாம். இனிமேல் வருடக் கட்டணம் 135 டாலர், மூன்று வருடத்துக்கு 120 மணி தொடர் கல்வி.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால், ஆய்வகத்தைத் தேர்வுக்கு அப்புறம் கட்டுவேன். புத்தகத்தை நேராகப் படிக்காமல், முதல் நாளே ஐம்பது கேள்வி போட்டு எட்டுப் பிரிவில் எங்கே ஓட்டை என்று பார்த்துவிட்டு, ஓட்டையிலிருந்து படிப்பேன். எனக்கு நன்றாகத் தெரிந்த நெட்வொர்க் பிரிவைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவேன். தவறு நோட்டை முதல் மாதத்திலேயே ஆரம்பிப்பேன், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து இல்லை, ஆறு. பத்தாவது கேள்வி வரும்போது என் கையெழுத்தே அவசரமாக இருக்கிறது, காரணமும் அரைகுறையாக இருக்கிறது. நோட்டைப் புரட்டினால் எந்த எண்ணோடு நான் களைத்தேன் என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

அலுவலகத்தில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து வரும் ஒரு தம்பி செப்டம்பரில் எழுதப்போகிறான். நோட்டைக் கேட்டான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, வீட்டில் பேசுவதும் ஆங்கிலம்தான். அதனால் புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, பின்னட்டையில் அந்த இரண்டு சிவப்பு வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறான். அவன் ஆங்கிலத்தில் காரணம் சொல்ல, மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, புத்தக வாக்கியம் வந்தால் உடனே நிறுத்துகிறாள்.